பழைய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது? கம்ப்யூட்டரை அப்கிரேடு செய்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து மதர்போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் மாற்றி, கூடவே ஒரு எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பு) போட்டுக்கொள்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். புது மெஷினை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது கையில் பழைய ஹார்ட் டிஸ்க் மிஞ்சுகிறது. அதை வைத்து டவுன்ஹால் ரோடு வியாபாரி கேட்பதும், மேலூர் ஸ்டுடியோக்காரர் கேட்பதும், கல்லூரிப் பிள்ளைகள் போனில் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன்.

அண்ணே, இந்தப் பழைய டிஸ்க் இன்னும் உதவுமா, இல்ல தூக்கிப் போட்டுடவா?

நல்ல நிலையில் இருந்தால் கட்டாயம் உதவும். விண்டோஸ் ஓட்டுவதற்குத்தான் அது மெதுவாகத் தெரியும். விண்டோஸ் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை அங்கும் இங்கும் தேடிப் படிக்கும். ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்கின் ஹெட் (தட்டின் மேல் நகர்ந்து படிக்கும் முனை) நகர்ந்து போய் நிற்க வேண்டும். சினிமா, கல்யாண வீடியோ, போட்டோ, பேக்கப் போன்ற பெரிய ஃபைல்கள் பெரும்பாலும் வரிசையாக இருப்பதால் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் தாராளமாக வரும். அதனால் விண்டோஸும் சாஃப்ட்வேரும் எஸ்எஸ்டியில், சேமிப்பு பழைய டிஸ்க்கில் என்று பிரித்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய டிஸ்க்கில் எதை வேண்டுமானாலும் வையுங்கள், ஆனால் அது அங்கே மட்டும் இருக்கக் கூடாது. திரும்பக் கிடைக்காத எதுவாக இருந்தாலும் இன்னொரு நகல் வேறு இடத்தில் இருந்தே ஆக வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி இதை ஒட்டித்தான் வரும்.

புது மதர்போர்டுல இது பொருந்துமா?

டிஸ்க்கின் பின்பக்கத்தைப் பாருங்கள். எல் வடிவத்தில் ஒல்லியாக இரண்டு இணைப்பு இருந்தால் அது சாட்டா. இன்றைய டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் சாட்டா போர்ட் இருக்கும். வேகம் குறைந்த பழைய சாட்டா டிஸ்க்கும் புதிய போர்ட்டில் வேலை செய்யும். விரலகலத்துக்கு மேல் நீளமாக, இரண்டு வரிசையில் ஊசி ஊசியாக இருந்தால் அது ஐடிஇ. 2003-க்குப் பிறகு சாட்டா வந்து அதை மெல்ல ஓரங்கட்டிவிட்டது. புது போர்டில் அதற்கு இடமே இருக்காது. யூஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்கி, உள்ளே இருப்பதை ஒருமுறை நகலெடுத்துவிட்டு டிஸ்க்குக்கு ஓய்வு கொடுங்கள்.

எஸ்எஸ்டி எம்.2 வகை (கேபிள் இல்லாமல் மதர்போர்டிலேயே நேராகச் செருகும் பட்டை) என்றால் இன்னொரு விஷயம். சில போர்டுகளில் எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி மாட்டினால் குறிப்பிட்ட ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். எந்தப் போர்ட் என்று போர்டோடு வந்த கையேட்டில் போட்டிருப்பார்கள்.

திருகாணியையும் கவனியுங்கள். டெஸ்க்டாப்பின் 3.5 இன்ச் டிஸ்க்குக்கு மரை அகலமான தடித்த திருகாணி. லேப்டாப்பின் 2.5 இன்ச் டிஸ்க்குக்கும் சாட்டா எஸ்எஸ்டிக்கும் மரை நெருக்கமான மெல்லிய திருகாணி. கேபினட்டோடு வந்த சின்னப் பாக்கெட்டில் இரண்டும் கலந்தே கிடக்கும். கையால் இரண்டு சுற்று லேசாகப் போகவில்லை என்றால் அது வேறு அளவு. ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் மரை போய்விடும்.

கேபிள் எல்லாம் மாட்டிட்டேன், ஆனா 'திஸ் பிசி'ல டிஸ்க்கே தெரியலையே?

முதலில் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டின் செட்டிங் திரை) டிஸ்க்கின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். அங்கேயே இல்லை என்றால் டேட்டா கேபிளை மாற்றுங்கள், வேறு பவர் கேபிள் மாட்டுங்கள், வேறு போர்ட்டில் போடுங்கள். மேலே சொன்ன எம்.2 விஷயத்தையும் சரிபாருங்கள்.

பயாஸில் இருக்கிறது, விண்டோஸில் இல்லை என்றால் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) நீலக் கோட்டோடு தெரிந்து, எழுத்து மட்டும் இல்லையென்றால், வலது கிளிக் செய்து ஒரு டிரைவ் எழுத்து கொடுத்தால் முடிந்தது. 'ஆஃப்லைன்' என்று இருந்தால் 'ஆன்லைன்' ஆக்குங்கள்.

ஆனால் 'இனிஷியலைஸ் செய்யவா' என்றோ, 'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்றோ கேட்டால் கையை எடுத்துவிடுங்கள். உள்ளே வேண்டிய டேட்டா இருக்கும்போது அதற்கு ஒரே பதில் 'கேன்சல்'. பார்ட்டிஷன் விவரம் கெட்டிருக்கலாம், விண்டோஸ் அறியாத என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டேட்டாவைப் பூட்டுவது) இருக்கலாம், வேறு ஓஎஸ்ஸில் ஃபார்மட் ஆன டிஸ்க்காக இருக்கலாம். விண்டோஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எல்லாவற்றுக்கும் அதே கேள்வியைத்தான் கேட்கும்.

1 டிபி டிஸ்க்னு சொன்னாங்க, 931 ஜிபிதான் காட்டுது. மீதி எங்கே போச்சு?

எங்கும் போகவில்லை. டிஸ்க் தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது. 500 ஜிபி டிஸ்க் 465 என்று காட்டுவதும் இதனால்தான்.

பழைய டிஸ்க்ல இருக்கிற விண்டோஸ் அப்படியே புது மெஷின்ல ஓடுமா?

விண்டோஸ் 10 பல நேரம் ஓடிவிடும். முதல் முறை 'கெட்டிங் டிவைசஸ் ரெடி' என்று கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு டெஸ்க்டாப் வரும். விண்டோஸ் 7 என்றால் பெரும்பாலும் 7பி என்று முடியும் எர்ரரோடு நீலத் திரைதான். பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பார்ட்டிஷன் ஆகியிருந்து, புது போர்டு யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் மட்டும் பூட் ஆகும் (விண்டோஸைத் தொடங்கும்) என்றால் டிஸ்க் பூட் பட்டியலிலேயே வராது. டேட்டா எங்கும் போயிருக்காது, பயப்பட வேண்டாம்.

ஓடினாலும் ஆக்டிவேஷன் போக வாய்ப்பு உண்டு, ஏனென்றால் விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு சேர்த்துத்தான் பதிவாகிறது. கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் உரிமம் புது போர்டுக்கு மாறாது. தனியாக வாங்கிய ரீடெயில் உரிமம் மாறும். போர்டு மாற்றும் முன் மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைத்து வைத்தால் சிக்கல் குறையும். என் ஆலோசனை, எஸ்எஸ்டியில் புதிதாகவே விண்டோஸ் போட்டுக்கொள்ளுங்கள். பழைய போர்டின் டிரைவர்களைச் சுமந்துகொண்டு வரும் விண்டோஸால் ஆறு மாதம் கழித்து ஏதாவது தொந்தரவு வந்தால் காரணம் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

புது எஸ்எஸ்டில விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கும் மாட்டியே இருக்கலாமா?

வேண்டாம், அதன் டேட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே பூட் பார்ட்டிஷன் இருந்தால், விண்டோஸ் இன்ஸ்டாலர் புது பூட் ஃபைல்களையும் அங்கேயே எழுதிவிடக்கூடும். எல்லாம் நன்றாக ஓடுவது போலவே இருக்கும். ஒரு வருடம் கழித்து அந்த டிஸ்க் பழுதானாலோ, கழற்றினாலோ, எஸ்எஸ்டி நல்லபடியாக இருந்தும் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. பார்ட்டிஷன் பட்டியலில் தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து அழித்துவிடும் ஆபத்தும் கேபிளைக் கழற்றினால் இல்லை. விண்டோஸ் போட்டு முடித்து, ஷட்டவுன் செய்து, அப்புறம் மாட்டுங்கள்.

பழைய டிஸ்க்கை ஃபார்மட் அடிக்கறதுக்கு முன்னாடி எதை எல்லாம் எடுத்து வைக்கணும்? டி டிரைவ் எடுத்தா போதும்ல?

போதாது. 'டி டிரைவ்லதான் எல்லாம் வெச்சிருக்கேன்' என்று சொல்பவர்களின் பாதிப் பொருள் சி டிரைவில்தான் இருக்கிறது. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் அவரவர் பெயரில் இருக்கும். அந்தப் பெயருள்ள ஃபோல்டரை முழுசாக நகலெடுங்கள். அவுட்லுக் பயன்படுத்துபவர்கள் மெயில்கள் இருக்கும் பிஎஸ்டி (.pst) ஃபைலைத் தேடி எடுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை ஃபோல்டரை நகலெடுத்து மீட்கலாம் என்று நம்பாதீர்கள். பழைய விண்டோஸ் ஓடும்போதே கணக்கில் சிங்க் செய்துவிடுங்கள்.

கடைக்காரர்களுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா முக்கியம். கம்பெனி தேர்ந்தெடுக்கும் திரையில் டேட்டா இருக்கும் பாதை தெரியும். அங்கே போனால் ஐந்து அல்லது ஆறு இலக்க எண்ணே பெயராக உள்ள ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. பெயர் எண்ணாக இருப்பதால் ஏதோ வேண்டாத ஃபோல்டர் என்று நினைத்து அழிப்பவர்கள் உண்டு. டேட்டா ஃபோல்டர் முழுவதையும் எடுங்கள், டேலிக்குள்ளேயே ஒரு பேக்கப்பும் எடுங்கள். புதிய பதிப்பில் திறக்கும்போது டேட்டாவை மாற்றி எழுத அனுமதி கேட்டால், கைபடாத நகல் ஒன்று தனியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு 'யெஸ்' கொடுங்கள்.

அச்சகம், டிடிபி, ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் மறக்கும் ஒன்று ஃபான்ட். யூனிகோடு வருவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டிய கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் அந்தந்த ஃபான்ட் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். பேஜ்மேக்கர் ஃபைலைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு ஃபான்ட்டை விட்டால் பாதி வேலைதான் செய்திருக்கிறீர்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' இருக்கிறது. அதை முழுசாக நகலெடுத்து வையுங்கள். போட்டோஷாப்பில் சேர்த்து வைத்த ஆக்‌ஷன், பிரஷ், ஆல்பம் டெம்ப்ளேட்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

எடுத்து முடித்த பிறகு நகலிலிருந்து நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். ஃபோல்டரின் மொத்த அளவையும் ஃபைல் எண்ணிக்கையையும் இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். அதுவரை ஃபார்மட் பேச்சே வேண்டாம்.

பழைய யூசர் ஃபோல்டரைத் திறந்தா 'உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு வருது. டேட்டா போச்சா?

போகவில்லை. அந்த ஃபோல்டரின் உரிமையாளர் பழைய விண்டோஸின் யூசர். புது விண்டோஸுக்கு அவரைத் தெரியாது. நிர்வாகி கணக்கில் இருந்தால் 'கன்டினியூ' கொடுத்தாலே பெரும்பாலும் திறந்துவிடும். திறக்கவில்லை என்றால் ஃபோல்டரின் பிராபர்ட்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு போய் உரிமையாளராக உங்கள் பெயரைப் போடுங்கள். உங்களுக்கு வேண்டிய ஃபோல்டருக்கு மட்டும் செய்தால் போதும். பழைய பாஸ்வேர்டு மறந்துபோனாலும் இந்த வழி வேலை செய்யும். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் மட்டும் செய்யாது. அது கீழே பிட்லாக்கர் கேள்வியில் வருகிறது.

டிஸ்க் நல்லா இருக்கா, போகப் போகுதான்னு முன்கூட்டியே தெரியுமா?

ஓரளவு தெரியும். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது, அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் எல்லாம் தெரியும். மேலே 'குட்' என்று இருப்பதோடு நிறுத்தாமல் சில வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கில் டேட்டா எழுதும் சின்னக் கட்டங்கள்) எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் நிற்கும் செக்டர்கள். சி6 என்பது சரிசெய்ய முடியாதவை. மூன்றும் பூஜ்யம் என்றால் நிம்மதி. 05-இல் சின்ன எண் இருந்து, மாதக்கணக்கில் ஏறாமல் இருந்தால் முக்கியமில்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு வாரம் ஏறினாலோ, சி5-இல் எண் வந்தாலோ, அன்றே டேட்டாவை வெளியே எடுங்கள். எண்கள் பதினாறை அடிப்படையாகக் கொண்ட ஹெக்ஸ் முறையில் தெரியும். செட்டிங்கில் நாம் வழக்கமாக எண்ணும் பத்தை அடிப்படையாகக் கொண்ட முறைக்கு மாற்றினால் புரியும்.

சி7 (கேபிள் வழியே டேட்டா போகும்போது வந்த பிழைகளின் எண்ணிக்கை) மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் டேட்டா கேபிள்தான் கோளாறு. மாற்றிப் பாருங்கள், ஏற்கெனவே ஏறிய எண் குறையாது, மேலும் ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

ஓடிய மணிநேரமும் அங்கேயே இருக்கும். தினம் 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் திறக்கும் கடை என்றால் வருடத்துக்கு 2400 மணி. 20,000 மணி காட்டினால் எட்டு வருடம் உழைத்த டிஸ்க். அதனால் மட்டும் அது கெட்டது ஆகிவிடாது, ஆனால் புதிதாக நம்பி எதையும் ஒப்படைக்கும் வயதும் அல்ல. வெப்பத்தையும் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் மதுரையில் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது, தூசி அடைத்த கேபினட்டுக்குள் டிஸ்க் 50-ஐத் தாண்டுவது சாதாரணம். முன்பக்கம் ஒரு ஃபேன் போட்டு, தூசியை ஊதிவிட்டால் நன்றாகவே குறையும். ஸ்மார்ட் எல்லாம் சுத்தமாக இருந்தும் திடீரென்று சாகும் டிஸ்க்குகள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

இதை எக்ஸ்டர்னல் டிஸ்க்கா மாத்திக்கலாமா?

தாராளமாக. லேப்டாப் டிஸ்க் என்றால் 2.5 இன்ச் யூஎஸ்பி கேசிங் போதும். அது 5 வோல்ட்டில் ஓடுவதால் யூஎஸ்பி கரண்ட்டே போதுமானது. டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும், எனவே தனி அடாப்டரோடு வரும் 3.5 இன்ச் கேசிங் அல்லது டாக்தான் வாங்க வேண்டும். நகலெடுக்கும்போது கரண்ட் போனால் அந்த ஃபைல் பாழாகலாம். யூபிஎஸ் உள்ள இடத்தில் மாட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை நகர்த்தாதீர்கள். 'இஜெக்ட்' கொடுத்து, சுழலும் சத்தம் நின்ற பிறகு எடுங்கள்.

டிவியில் மாட்டிப் படம் பார்க்க வேண்டும் என்றால், டிவி எந்த ஃபார்மட்டை ஏற்கும் என்று முதலில் பாருங்கள். எஃப்ஏடி32 ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓடும், ஆனால் 4 ஜிபியைத் தொடும் ஃபைலை அதில் வைக்க முடியாது.

லேப்டாப்ல டிவிடி இருந்த இடத்துல மாட்டலாம்கிறாங்களே?

மாட்டலாம், டிவிடி டிரைவ் அளவில் டிஸ்க்கைப் பொருத்தும் சட்டம் ஒன்று உண்டு, கேடி (caddy) என்று கேட்டு வாங்குங்கள். 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமன் உண்டு. டிவிடி டிரைவைக் கழற்றி அளந்துவிட்டு வாங்குங்கள். எஸ்எஸ்டியை டிஸ்க் இருந்த இடத்திலும், பழைய டிஸ்க்கைக் கேடியிலும் போடுவதுதான் சரி.

வீட்டு சிசிடிவி டிவிஆர்ல போட்டா?

ஓடும். ஆனால் டிவிஆர் (கேமரா காட்சிகளைப் பதியும் பெட்டி) தன் முறையில் ஃபார்மட் செய்துவிடும், உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கும் வேலை அது. அதற்கென்றே தனி சர்வைலன்ஸ் டிஸ்க் விற்கிறார்கள். வீட்டு வாசலைப் பார்க்கப் பழைய டிஸ்க் பரவாயில்லை. நகைக்கடைக்கும் அடகுக்கடைக்கும் வேண்டாம். திருட்டு நடந்த மறுநாள் காலையில் பதிவு இல்லை என்று தெரிந்துகொள்வதைவிடப் புது டிஸ்க்கின் விலை குறைவு.

பழைய டிஸ்க்கை மாட்டினா பிட்லாக்கர் கீ கேக்குது. நான் அப்படி எதையும் போடவே இல்லையே!

நீங்கள் போட்டிருக்க மாட்டீர்கள். சமீப வருடங்களில் வந்த பல கம்ப்யூட்டர்களில் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தவுடன் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கிவிடுகிறது. சாவி பழைய மதர்போர்டில் இருந்த டிபிஎம் என்ற பாதுகாப்பு அமைப்பு வழியாகக் கிடைத்துவந்ததால் உங்களுக்குத் தெரியவே இல்லை. போர்டு மாறியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கிறது.

அந்தக் கம்ப்யூட்டரில் பயன்படுத்திய மைக்ரோசாப்ட் கணக்கில் பிரவுசர் வழியாக நுழைந்து, மீட்புச் சாவி பக்கத்தைப் பாருங்கள். மெஷினை முதன்முதலில் செட் செய்தவர் மகனோ, கடைப் பையனோ என்றால் அவர்கள் கணக்கிலும் தேடுங்கள். எங்குமே இல்லை என்றால் எந்தச் சர்வீஸ்காரராலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். இனி போர்டு மாற்றப் போகிறவர்கள், பழைய மெஷின் ஓடும்போதே என்கிரிப்ஷனை அணைத்துவிட்டு வாருங்கள்.

ஃபார்மட் அடிச்சிட்டா எல்லாம் அழிஞ்சிடும்தானே? அப்புறம் யாருக்காவது கொடுத்துடலாம்ல?

குயிக் ஃபார்மட் என்பது வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றுவது. உள்ளே சாமான் எல்லாம் அப்படியே இருக்கும். இலவச ரெக்கவரி மென்பொருளே ஆதார் நகலையும் குடும்பப் போட்டோவையும் எடுத்துக் கொடுத்துவிடும். ஃபார்மட் செய்யும்போது 'குயிக்' என்ற டிக்கை எடுத்துவிட்டால், விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸ் அந்தப் பார்ட்டிஷன் முழுக்கப் பூஜ்யம் எழுதும். டிஸ்க் முழுவதையும் துடைக்க, விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் 'கிளீன் ஆல்' உண்டு. 1 டிபி டிஸ்க்குக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதில் டிஸ்க்கை எண் சொல்லித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எண் மாறினால் வேறு டிஸ்க் போய்விடும். அதனால் மற்ற சேமிப்பு டிஸ்க்குகளை எல்லாம் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். எஸ்எஸ்டிக்கு இந்த முறை வேண்டாம். அதற்கு அந்த நிறுவனத்தின் மென்பொருளிலோ பயாஸிலோ செக்யூர் எரேஸ் இருக்கும்.

ஓடாத டிஸ்க்கைத் துடைக்க முடியாது. மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் தட்டுகளைக் கீறி வளைத்துவிடுங்கள். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சுக்குநூறாகத் தெறிக்கும்; துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்போடு உடையுங்கள். மிச்சத்தைக் காயலான் கடையில் போடாமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன.

டிக் டிக்னு சத்தம் வருது. ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தா ஓடும்னு சொல்றாங்க, செய்யலாமா?

செய்யவே கூடாது. வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படியும். அதன் மேல் ஹெட் ஓடினால் மிச்சமும் போய்விடும். அந்தச் சத்தம் ஹெட் தன் இடத்தைத் தேடித் தோற்பதால் வருவது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சேதம் கூடலாம். உடனே நிறுத்துங்கள். டேட்டா முக்கியம் என்றால் தூசியில்லா அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி நிபுணரிடம்தான் போக வேண்டும். அதே மாடல் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை எடுத்து மாற்றினாலும் பெரும்பாலும் ஓடாது, அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் அதன் போர்டில் எழுதப்பட்டிருக்கும்.

சத்தம் இல்லை, பேட் செக்டர் மட்டும்தான் என்றால் நிலைமை வேறு. அப்போதும் முதல் வேலை செக்டிஸ்க் (டிஸ்க் பிழை திருத்தும் விண்டோஸ் கருவி) ஓட்டுவது அல்ல. அது ஃபைல் அமைப்பைச் சரிசெய்யப் பார்க்கும், டேட்டாவைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. லினக்ஸில் டிடிரெஸ்கியூ (ddrescue) என்ற மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொன்றுக்கு நகலெடுத்துவிட்டு, ரிப்பேர் எல்லாம் அந்த நகலில் செய்யுங்கள்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கோட யூஎஸ்பி முனை உடைஞ்சிருச்சு. உள்ள இருக்கிற டிஸ்க்கைக் கழட்டி நேரா மாட்டலாமா?

சிலவற்றில் உள்ளே சாதாரண சாட்டா டிஸ்க் இருக்கும், மாட்டலாம். சிலவற்றில் டிஸ்க்கின் போர்டிலேயே யூஎஸ்பி முனையைப் பற்றவைத்திருப்பார்கள், சாட்டா இணைப்பே இருக்காது. இன்னும் சில மாடல்களில் இடையில் இருக்கும் சின்னப் போர்டு டேட்டாவை என்கிரிப்ட் செய்து எழுதியிருக்கும். நேராக மாட்டினால் காலி டிஸ்க் போலத் தெரிந்து, மூன்றாவது பதிலில் சொன்ன 'ஃபார்மட்' கேள்வி வரும். ஆகவே டேட்டா வேண்டும் என்றால், கழற்றுவதற்கு முன் யூஎஸ்பி முனையை மட்டும் சால்டர் செய்து மாற்ற முடியுமா என்று நல்ல சிப் லெவல் ஆளிடம் காட்டுங்கள்.

ரெண்டு 500 ஜிபி பழைய டிஸ்க் இருக்கு. சேர்த்து ஒரே 1 டிபியா ஆக்கிடலாமா?

ஆக்க முடியும், ஆனால் வேண்டாம். இரண்டில் எது செத்தாலும் மொத்தமும் போகும். வயதான டிஸ்க்கில் அந்த ஆபத்தை இரட்டிப்பாக்குவது எதற்கு? ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் தானாக எழுதப்படும் மிரர் முறை இதைவிட நல்லது. அதிலும் நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும், வைரஸ் வந்தாலும் அதே கதைதான். மிரரைப் பேக்கப் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

நான் சொல்வது, இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். முக்கியமான ஃபோல்டர்களை இரண்டிலும் நகலெடுத்து, ஒன்றை வீட்டு பீரோவிலும் மற்றதைத் திருமங்கலத்தில் அக்கா வீட்டிலோ கடையிலோ வைத்துவிடுங்கள். திருட்டு, தீ, இடி எதுவானாலும் இரண்டும் ஒன்றாகப் போகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாட்டி, புது ஃபைல்களைச் சேர்த்து, 05, சி5, சி6 மூன்றையும் பாருங்கள். கடைசியாக நகலெடுத்த தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டிஸ்க்கின் மேல் ஒட்டிவிடுங்கள். ஒட்டும்போது மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத் துளையை மட்டும் மறைக்காதீர்கள்.